மெதுவாகப் போனால் அதிகம் இழுக்கும் விசிறி

(எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆலங்காயம்)



எதிர்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. வேகமாக மிதித்தால் துப்பட்டா, புத்தகப்பை எல்லாவற்றையும் காற்று பிடித்துப் பின்னால் இழுக்கும். வேகம் 2 மடங்கு ஆனால் இந்த இழுப்பு 4 மடங்கு ஆகும். பஸ், லாரி, விமானத்தின் உடம்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இந்த இழுப்புக்கு நான் பின்னிழுப்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஜைரோபிளேன் என்று ஒரு பறக்கும் ஊர்தி இருக்கிறது. அதன் தலைமேல் சுற்றும் பெரிய விசிறிக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். மெதுவாகப் போனால் அதிகமாக இழுக்கும், வேகமாகப் போனால் குறைவாக இழுக்கும். இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. "உடான்ஸ் விடாதடி" என்றே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் டீச்சரிடம் ஒரு முழு சார்ட் கேட்டு வாங்கி எழுதுகிறேன். நின்று நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நம்ம மலையில் இருக்கும் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். தணக்கு மரம். கோடையில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். கட்டை ரொம்ப லேசு. கடற்கரைப் பக்கம் கட்டுமரம் செய்ய இதை எடுப்பார்கள். இதன் காய்க்குத் தலையில் முயல் காது மாதிரி இரண்டு நீள இறக்கை இருக்கும். உயரத்தில் இருந்து விட்டால் முதலில் கல் மாதிரி விழும். கொஞ்சம் விழுந்ததும் சுற்ற ஆரம்பிக்கும். சுற்ற ஆரம்பித்ததும் வேகம் குறைந்து மெதுவாக இறங்கும். இந்த மரத்தின் அறிவியல் பெயர் ஜைரோகார்ப்பஸ். கிரேக்க மொழியில் கார்ப்பஸ் என்றால் கனி, ஜைரோ என்றால் சுழலுவது. ஜைரோபிளேனில் இருக்கும் ஜைரோவும் இதே ஜைரோதான்!

காயைச் சுற்றுவது யார்? மோட்டார் இல்லை, கயிறு இல்லை. காய் கீழே விழும்போது காற்று அடியிலிருந்து மேலாக இறக்கைகளுக்குள் புகுந்து போகிறது. அந்தக் காற்றே சுற்றிவிடுகிறது. சுற்றும் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் காய்க்கு மேல்நோக்கித் தூக்குவிசை கிடைக்கிறது.

ஜைரோபிளேன் என்பது முன்னால் தள்ளிக்கொண்டு போகப்படும் தணக்குக் காய், அவ்வளவுதான். பார்க்க ஹெலிகாப்டர் மாதிரி இருக்கும், ஆனால் ஹெலிகாப்டர் இல்லை. ஹெலிகாப்டரில் என்ஜின்தான் மேல் விசிறியைச் சுற்றும். ஜைரோபிளேனில் என்ஜின் பின்னால் இருக்கும் சின்ன விசிறியைச் சுற்றி ஊர்தியை முன்னால் தள்ளுவதோடு சரி. மேலே இருக்கும் பெரிய விசிறிக்கு ரோட்டர் என்று பெயர். கிளம்பும் முன் என்ஜினால் அதைக் கொஞ்சம் சுற்றிவிடுவார்கள். பறக்கும்போது அது சும்மா அச்சில் மாட்டியிருக்கும். அதைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பதால் எதிரே வரும் காற்று அடியிலிருந்து புகுந்து அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வானத்தில் என்ஜின் நின்றுபோனாலும் ரோட்டர் நிற்காது, தணக்குக் காய் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும். நம் நாட்டில் 2023 டிசம்பரில் ஹரித்வாரில் சுற்றுலாவுக்காக இதைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஜைரோகாப்டர் என்றும் சொல்வார்கள், பெயர்தான் வேறு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பனை ஓலைக் காற்றாடியைக் கருவேல முள்ளில் குத்திக்கொண்டு ஓடினால், வேகமாக ஓட ஓட வேகமாகச் சுற்றும். ரோட்டரும் அப்படித்தான் என்று எல்லாரும் நினைப்போம். இல்லை! பறக்கும் வேகம் கூடினாலும் ரோட்டரின் சுற்று பெரிதாக மாறாது. காரணம் இதுதான். ஊர்தியின் எடை மாறவில்லை, அதனால் தேவைப்படும் தூக்குவிசையும் மாறவில்லை. வேகம் கூடினால் ஓட்டுபவர் ரோட்டரின் சாய்வைக் குறைத்துவிடுவார், இல்லாவிட்டால் ஊர்தி மேலே ஏறிக்கொண்டே போகும். சுற்றைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடை. இதை நீங்களே செய்து பார்க்கலாம். காகிதத்தை நீளமாக வெட்டி, மேல்பாதியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் மடித்து, அடியில் ஒரு கிளிப் மாட்டி மாடியிலிருந்து விடுங்கள். அப்புறம் இரண்டு கிளிப் மாட்டி விடுங்கள். இரண்டாவது தடவை வேகமாகச் சுற்றும்.

இரண்டு பேர் உட்காரும் ஊர்தியில் ரோட்டரின் குறுக்களவு 8.4 மீட்டர், நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், இறக்கையின் நுனி என்ன வேகத்தில் போகும்? சுற்றளவு 26.4 மீட்டர். விநாடிக்கு 5.8 சுற்று. பெருக்கினால் விநாடிக்கு 154 மீட்டர், அதாவது மணிக்கு 550 கிலோமீட்டருக்கு மேல்! ஊர்தி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நுனி இப்படித்தான் பறந்துகொண்டிருக்கும். அதாவது இறக்கை காற்றோடு உரசுவது ஏறக்குறைய ஒரே அளவு. அந்த உரசலை மீறிச் சுற்ற ஒவ்வொரு விநாடியும் இவ்வளவு வேலை தேவை என்று ஒரு கணக்கு இருக்கும். அந்த வேலையை யார் கொடுப்பது? ரோட்டரோடு என்ஜினுக்கு நேர் இணைப்பு இல்லை. என்ஜின் ஊர்தியை முன்னால் தள்ள, ரோட்டர் காற்றில் பிடித்துப் பின்னால் இழுக்க, அந்த இழுப்பின் வழியாகத்தான் ரோட்டருக்குச் சக்தி போகிறது.

வேலை = விசை × தூரம் என்று நமக்குப் பாடத்தில் இருக்கிறது. ஒரு விநாடிக்கு வேண்டிய வேலை ஒரே அளவு. வேகமாகப் போனால் ஒரு விநாடியில் கடக்கும் தூரம் அதிகம். அப்படின்னா விசை குறைவாக இருந்தாலே போதும்! மலைக்குப் போகும் ஜீப் வாடகை மாதிரி. வாடகை 600 ரூபாய் என்றால், 6 பேர் ஏறினால் தலைக்கு 100, 12 பேர் ஏறினால் தலைக்கு 50. வாடகை மாறவில்லை, பங்கு போடும் ஆட்கள்தான் கூடினார்கள். ரோட்டருக்கு மீட்டர்கள்தான் ஆட்கள்.

இன்னொரு பங்கும் உண்டு, அது இதைவிட வேகமாகக் குறையும். ஊர்தி விழாமல் இருக்க ரோட்டர் காற்றைக் கீழே தள்ள வேண்டும். வேகமாகப் போனால் ஒரு விநாடியில் நிறையக் காற்று ரோட்டருக்குக் கிடைக்கும், ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டினால் போதும். மெதுவாகப் போனால் கொஞ்சம் காற்றுதான் கிடைக்கும், அதைப் பலமாக அறைய வேண்டும். அதற்கு ரோட்டரை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தூக்குவிசையும் சேர்ந்து பின்னால் சாயும். அந்தச் சாய்வுதான் பின்னிழுப்பு. பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும். காற்று கம்மியாக இருந்தால் பட்டம் தாழ்வாக, நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். நல்ல காற்று வந்தால் தலைக்கு மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும். இந்தப் பங்கு வேகம் 2 மடங்கு ஆனால் நாலில் ஒன்றாகிவிடும்.

இனி கணக்கு. 450 கிலோ ஊர்தி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு நானே வசதியான எண்களை எடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி ஊர்தியுடையதும் இல்லை. வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர், விசை நியூட்டனில். சுற்றும் பங்குக்கு 12,000-ஐ வேகத்தால் வகுத்தேன். காற்றைத் தள்ளும் பங்குக்கு 1,44,000-ஐ வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தேன். உடம்பின் பின்னிழுப்புக்கு வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினேன்.

வேகம் 10: ரோட்டர் 1,200 + 1,440 = 2,640. உடம்பு 60. மொத்தம் 2,700.
வேகம் 20: ரோட்டர் 600 + 360 = 960. உடம்பு 240. மொத்தம் 1,200.
வேகம் 30: ரோட்டர் 400 + 160 = 560. உடம்பு 540. மொத்தம் 1,100.
வேகம் 40: ரோட்டர் 300 + 90 = 390. உடம்பு 960. மொத்தம் 1,350.

(வேகம் 10 என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர், 40 என்றால் 144 கிலோமீட்டர்.) ரோட்டர் எண்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 2,640, 960, 560, 390. உடான்ஸ் என்று சொன்னவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்! ஆனால் மொத்தத்தைப் பார்த்தால் முதலில் இறங்கி அப்புறம் ஏறுகிறது. வரைபடத் தாளில் போட்டால் ஊஞ்சல் கயிறு தொங்குவது மாதிரி வளைவு வரும். இடது பக்கம் ரோட்டரின் ராஜ்ஜியம், வலது பக்கம் உடம்பின் ராஜ்ஜியம். 10-க்கும் கீழே போனால் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் அப்போது ஊர்தியே இறங்க ஆரம்பித்துக் காற்று முழுக்க அடியிலிருந்து வரும்.

இந்தப் பின்னிழுப்பைக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு உதாரணம் சரித்திரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் ஃபோக்கே-ஆக்கெலிஸ் 330 என்று ஒரு ஊர்தி செய்தார்கள். என்ஜினே கிடையாது. நீர்மூழ்கிக் கப்பல் கடல்மேல் வந்து ஓடும்போது, சுமார் 150 மீட்டர் கம்பிக் கயிற்றில் கட்டிப் பட்டம் மாதிரி மேலே விடுவார்கள். அதில் ஒரு ஆள் உட்கார்ந்து தொலைவில் கப்பல் வருகிறதா என்று பார்த்து டெலிபோனில் சொல்வார். ரோட்டரின் பின்னிழுப்பு அந்தக் கயிற்றில்தான் விழும், கப்பல் என்ஜின்தான் அதை இழுக்க வேண்டும். கப்பல் வேகமும் எதிர்காற்றும் சேர்ந்து மணிக்கு 27 கிலோமீட்டராவது இருந்தால்தான் அது மேலே நிற்கும். 1943 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நம்ம இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கர் பக்கம் இதை வைத்துத்தான் எஃப்தாலியா மாரி என்ற கிரேக்கக் கப்பலைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். எதிரி விமானம் வந்து கப்பல் அவசரமாக மூழ்க வேண்டும் என்றால் மேலே இருப்பவர் கதி? ஒரு நெம்புகோலை இழுத்தால் ரோட்டர் கழன்று போய், பாராசூட் விரியும். அப்புறம் கடலில் காத்திருக்க வேண்டியதுதான். பாவம்.

ஜைரோபிளேனைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியெர்வா. 1919-ல் அவர் செய்த பெரிய விமானம் ஒன்று வேகம் குறைந்ததால் தூக்குவிசை போய் விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் இறக்கை வேலை செய்ய வேண்டும், அதற்கு இறக்கை தானாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். முதலில் செய்தவை ஒரு பக்கமாகக் கவிழ்ந்தன. காரணம், முன்னால் வரும் இறக்கைக்குக் காற்று வேகம் அதிகம், பின்னால் போகும் இறக்கைக்குக் குறைவு. அவருடைய சின்ன மாதிரி ஊர்தி மட்டும் நன்றாகப் பறந்தது, ஏனென்றால் அதன் இறக்கை பிரம்பால் செய்தது, வளைந்து கொடுத்தது. அதைப் பார்த்துப் பெரிய ஊர்தியின் இறக்கைகளுக்கும் கதவுக்கு இருப்பது மாதிரி கீல் வைத்தார், மேலும் கீழும் அசையும்படி. 1923 ஜனவரியில் அவருடைய நான்காவது ஊர்தி பறந்தது. 1928-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கால்வாயைத் தாண்டிக் காட்டினார். 1936 டிசம்பரில் லண்டன் பக்கத்தில் க்ராய்டனில் ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் மூடுபனியில் விழுந்தது. அதில் பயணியாகப் போன அவரும் இறந்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் கேட்டது கிடைத்தது: மெதுவாகப் போனாலும் திடீரென்று தூக்குவிசை போகாத ஊர்தி. ஆனால் அதற்கு விலை என்ன என்று மேலே உள்ள முதல் வரி சொல்கிறது. வேகம் 10-ல் மொத்தப் பின்னிழுப்பு 2,700. எடையே சுமார் 4,400 நியூட்டன்தான், அதில் பாதிக்கு மேல்! எல்லா என்ஜினாலும் அவ்வளவு தள்ள முடியாது.

இதனால்தான் தரையிலிருந்து கிளம்பும் அந்தச் சில விநாடிகள் ஆபத்து. சக்கரம் தரையை விட்டதும் சீக்கிரம் ஏற வேண்டும் என்று மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பின்னிழுப்பு கூடும். பின்னிழுப்பு கூடினால் வேகம் இன்னும் குறையும். என்ஜினை முழுசாக முடுக்கினாலும் ஏறாது, கீழேதான் வரும். தப்பிக்க ஒரே வழி மனசுக்கு எதிரானது: மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடிக்க வேண்டும். உயரத்தில் இருந்தால் செய்யலாம். 10 அடி உயரத்தில் இருந்தால் கீழே இடம் எங்கே இருக்கிறது? அதனால் கிளம்பியதும் தரையை ஒட்டியே கொஞ்ச தூரம் பறந்து, நல்ல வேகம் வந்த பிறகு ஏறும்படி சொல்லிக்கொடுக்கிறார்கள். வேகம் கூடினால் ரோட்டர் விடும் பிடியைத்தான் அங்கே பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். உடம்பு விடாது, அது ஒன்று. ரோட்டரும் ஒரு அளவுக்கு மேல் குணம் மாறும். நுனி 550 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போது ஊர்தி 110-ல் போனால், முன்னால் வரும் நுனிக்குக் காற்று 660, பின்னால் போகும் நுனிக்கு 440. அந்தப் பின்னால் போகும் இறக்கையின் அடிப்பகுதியில், ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்கு, காற்று தப்பான பக்கத்திலிருந்தே வரும். அந்த இடம் தூக்காது, இழுக்க மட்டும் செய்யும். வேகம் கூடக் கூட அந்த இடம் பெரிதாகும். நான் 12,000 என்று மாறாமல் வைத்த எண் நிஜத்தில் அதிக வேகத்தில் மெல்ல ஏறும்.

இதற்கு அமெரிக்காவில் ஜே கார்ட்டர் என்பவர் ஒரு வழி செய்தார். வேகம் வந்ததும் எடையைச் சின்ன இறக்கைகளிடம் கொடுத்துவிட்டு, ரோட்டரை மெதுவாகச் சுற்றவிட்டார். சுற்றைப் பாதியாக்கினால் உரசலுக்குப் போகும் வேலை எட்டில் ஒன்றாகிவிடும். 2005 ஜூனில் அவருடைய ஊர்தி, ரோட்டர் நுனி சுற்றும் வேகமும் பறக்கும் வேகமும் சமமாகும் அளவுக்குக் கொஞ்ச நேரம் பறந்தது.

கென் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் அப்படி எதுவும் செய்யவில்லை. தான் கட்டிய ஒல்லியான ஒற்றை ஆள் ஜைரோபிளேனில் 2002 நவம்பரில் மணிக்கு 207.7 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சாதனை செய்தார். அப்போது அவருக்கு வயது 86. உடம்பை ஒல்லியாக்கியதுதான் அவர் ரகசியம் என்பது என் கருத்து, ஏனென்றால் அந்த வேகத்தில் எதிரி ரோட்டர் இல்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன மூன்று விதிகளையும் வைத்து, விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ரோட்டர் எவ்வளவு, உடம்பு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். 20, 30 இரண்டையும்விட மொத்தம் குறைவாக வருகிறதா என்று பாருங்கள். விடை தாளின் அடியில் தலைகீழாக எழுதியிருக்கிறேன், முதலில் போட்டுவிட்டு அப்புறம் தலையைச் சாய்க்கவும்.

(விடை: ரோட்டர் சுமார் 710, உடம்பு 375, மொத்தம் சுமார் 1,085 நியூட்டன்.)